தாயிடம் விடும் முன்

ஹமாகஸே என்ற தாய்க்குதிரையின் குட்டி இருமியதை முதலில் கேட்டவள் தமாகிதான். தீவனத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு இருமல், ஈரமாக, அடித்தொண்டையிலிருந்து.

கடலோர ஊரான உராகாவாவில் ஜூன் மாதத்துக் கடல்மூடுபனி காலையில் மேட்டின் மேல் ஏறி வந்தால் மதியம்வரை இறங்காது. அந்தக் குளிருக்குக் குட்டிகளுக்கு மூக்கு ஒழுகுவது புதிதில்லை. ஆனால் இந்தக் குட்டியின் மூக்குத்துளைகள் அகல விரிந்து விரிந்து சுருங்கின. மூச்சு விடும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே ஒரு கோடு விழுந்து மறைந்தது. காதைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

"முதலாளி! டாக்டரைக் கூப்பிடுங்க."

பண்ணைக்காரர் ஹிரனுமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பனியனுக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "சளிதானே? போன வருஷத்து பென்சிலின் மிச்சம் கிடக்கு. ஒண்ணு குத்தி விட்டாப் போச்சு."

"குத்தாதீங்க. கூப்பிடுங்க."

"என் லாயத்துல எனக்கே உத்தரவு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனைத் தேடப் போனார். திட்டினாலும் அவள் சொன்னால் கேட்பார். கல்யாணத்துக்கு முன்பு ஐந்து வருடம் அவரிடம் வேலை பார்த்தவள் அவள். கல்யாணம் முறிந்து ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்து நின்றபோது, "ஏன்" என்று ஒரு வார்த்தை கேட்காமல் பழைய அறையின் சாவியை எடுத்துக் கொடுத்தவர் அவர்.

கால்நடை மருத்துவர் குராமோச்சி வந்தார். ஹிரனுமாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். இருவரும் பார்த்துக்கொண்டால் சண்டைதான். குட்டியின் மார்பில் ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை நகர்த்தினார். திரையில் நுரையீரலின் ஓரத்தில் கறுப்புக் கறுப்பாக வட்டங்கள் தெரிந்தன.

"சீழ்க்கட்டி" என்றார். "ஒண்ணு இல்ல, நிறைய. மண்ணுல இருக்கற கிருமி இது. புழுதியோட மூக்குல ஏறும்."

"பென்சிலின் கேக்காதா?" என்றார் ஹிரனுமா.

"யோவ், இந்தக் கிருமி எங்க போய் ஒளியுது தெரியுமா? அதைக் கொல்ல வர்ற வெள்ளை அணுவுக்குள்ளயே போய்ப் படுத்துக்கும். உன் பென்சிலின் வாசல்ல நின்னு கதவைத் தட்டிட்டுத் திரும்பி வரும். உள்ள நுழையற மருந்து வேணும். கிளாரித்ரோமைசினும் ரிஃபாம்பிசினும். ரெண்டும் சேர்த்து, வாய் வழியா. ஒண்ணை மட்டும் குடுத்தா கிருமி பழகிக்கும். குட்டி எவ்வளவு எடை?"

"நூறு கிலோ இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

எடைமேடையில் ஏற்றிப் பார்த்ததில் நூற்றுப் பதினெட்டு காட்டியது. குராமோச்சி ஹிரனுமாவை ஒரு பார்வை பார்த்தார். "உன் கண்ணை நம்பி மருந்து போட்டிருந்தா குறைச்சலாப் போயிருக்கும். குறைச்சலாப் போனா நோய் போகாது, மருந்துதான் வீணாகும். வாரா வாரம் ஏத்தி நிறுத்துங்க. குட்டி வளர வளர மருந்தும் வளரணும்."

மாத்திரைகளைப் பொடித்துப் பாகில் குழைத்து, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் ஏற்றிக் கடைவாய் வழியாக நாக்கின் மேல் விடவேண்டும். காலையும் மாலையும். ஜுரம் இறங்கியதும் குணமாகிவிட்டது என்று நிறுத்தக் கூடாது. ஸ்கேனில் கட்டி கரைந்ததைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். வெயில் அடித்தால் வெளியே விடக் கூடாது, இந்த மருந்து சாப்பிடும் குட்டிக்கு வேர்க்காது, உடம்பு கொதித்துப்போகும். எல்லாவற்றையும் தமாகியைப் பார்த்தே சொல்லிக்கொண்டு வந்தவர் கடைசியில் தாய்க்குதிரையின் பக்கம் கையைக் காட்டினார்.

"முக்கியமானது இதுதான். இவ வாயில ஒரு துளிகூடப் படக் கூடாது. குட்டி பால் குடிக்கற வயசு, அதோட குடல் தாங்கிக்கும். பெரிய குதிரைக்கு இது விஷம் மாதிரி. குடல்ல இருக்கற நல்ல கிருமியெல்லாம் செத்துப் பேதி பிடிச்சா நான் வந்தும் பிரயோஜனம் இருக்காது. தாய்னா குட்டி வாயை நக்கத்தான் செய்யும். அதனால குடுத்ததும் குட்டி வாயை நல்லாக் கழுவணும். மூக்கு, தாடை எல்லாம். கழுவித் துடைச்ச பிறகுதான் தாய்கிட்ட விடணும்."

அன்று மாலையே ஆரம்பித்தார்கள். ஹிரனுமா தாயின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்வார். தமாகி குட்டியை நடைக்கு அப்பால் உள்ள அறைக்குத் தள்ளிக்கொண்டு போய், மூலையில் ஒடுக்கி, தன் இடுப்பால் அதைச் சுவரோடு அணைத்துக்கொண்டு வாயைத் திறப்பாள். ரிஃபாம்பிசின் செங்கல் நிறம். குட்டி துப்பிய மருந்து அவள் சட்டையில், கழுத்தில், விரல்களில் எல்லாம் ஒட்டியது. குட்டியின் சிறுநீரும் சிவந்து வந்தது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரால் வாயைக் கழுவிவிட்டு, துணியை மாற்றி மாற்றித் துடைப்பாள்.

அவ்வளவு நேரமும் அந்தப் பக்கத்திலிருந்து ஹமாகஸே கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் பெரிய கனைப்பு. பிறகு தொண்டைக்குள் உருளும் சின்னச் சத்தம், பிறந்த குட்டியிடம் மட்டும் குதிரைகள் பேசும் சத்தம். குட்டி மருந்தும் எச்சிலுமாகப் பதில் சொல்லும்.

"சீக்கிரம் முடி" என்பார் ஹிரனுமா. "கையைப் பிச்சிக்கிட்டுப் போயிடுவா போல இருக்கு."

"தாடையில இன்னும் இருக்கு. பிடிங்க."

கதவைத் திறந்து குட்டியை விட்டதும் அது நேராக மடிக்குப் போகும். ஹமாகஸே அதன் முதுகை மோந்து பார்த்து, கழுத்தை மோந்து பார்த்து, அப்புறம்தான் பெருமூச்சு விடும். தமாகி வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்தை விட்டுப் போய்விடுவாள். அதை நின்று பார்க்க அவளால் முடிந்ததில்லை.

அவளுடைய மகள் கோயுகி சப்போரோ நகரத்தில் அப்பாவோடும் பாட்டியோடும் இருந்தாள். விவாகரத்தின்போது குழந்தைக்கு நாலு வயது. தமாகிக்குச் சம்பளம் இல்லை, வீடு மாமியார் பெயரில் இருந்தது. குழந்தை யாராவது ஒருவரிடம்தான் இருக்க முடியும் என்றபோது குடும்ப நீதிமன்றத்தில் எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். கோயுகி இருந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கடை ஒன்றில் அம்மாவைப் பார்க்கலாம். முதல் வருடம் பிரியும்போது அழுதாள். அடுத்த வருடம் அழவில்லை. இப்போது ஒன்பது வயது. போன சில மாதங்களாக "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள், ஆசிரியரிடம் கேட்பது போல.

குழந்தையை நினைத்து அழும் பழக்கம் தமாகிக்கு இல்லை. அவளுக்கு இருந்தது வேறு மாதிரி. கடையில் குழந்தைச் செருப்பைப் பார்த்தால் இப்போது என்ன அளவாக இருக்கும் என்று கை தானாக அளக்கும். பின்னல் போடத் தெரியுமா, பல் விழுந்த இடத்தில் முளைத்துவிட்டதா, இருட்டுக்கு இன்னும் பயப்படுகிறாளா என்று தெரியாது. கேட்கவேண்டும் என்று வைத்திருக்கும் கேள்விகள் சந்திப்பதற்குள் குவிந்துபோகும். சந்தித்ததும் ஒன்றுகூட வாயில் வராது.

அந்த மாதத்து ஞாயிறு மருந்துக்காலத்தின் நடுவில் வந்தது. தமாகி போகலாமா வேண்டாமா என்று சனிக்கிழமை முழுவதும் தவித்தாள்.

"போ" என்றார் ஹிரனுமா. "சாயந்தர மருந்தை நான் குடுத்துக்கறேன். நீ பொறக்கறதுக்கு முன்னாடியே குதிரை வாயைத் திறந்தவன் நான்."

"ஹமாகஸேயை யார் பிடிக்கறது?"

"கட்டிப் போட்டுக்கறேன்."

"வாயைக் கழுவணும் முதலாளி."

"கழுவறேன் தாயே, உன் வாயையும் சேர்த்துக் கழுவறேன். போ!"

காலை மருந்தைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள். ரயில் நின்றுபோனதிலிருந்து சப்போரோவுக்கு அந்தப் பஸ்தான். பாதி வழிவரை ஒரு பக்கம் கடல் கூடவே வரும். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் விரல்களில் கறை போகவில்லை. மடியில் மறைத்து வைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டுக்கடையில் அவளுடைய பழைய கணவன் தகெஹிகோ குழந்தையை உட்காரவைத்துவிட்டு, வழக்கம்போல அடுத்த மேஜைக்குப் போய்ச் செய்தித்தாளை விரித்துக்கொண்டான். கோயுகி முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அது தமாகிக்குத் தெரியாது. ஒரு கணம் யாரோ என்று நினைத்துவிட்டாள்.

"முடி வெட்டிட்டியா?"

"ஆமாங்க. நீச்சல் வகுப்புக்கு."

சாதத்தின் மேல் முட்டையைப் போர்த்திய தட்டு வந்தது. தமாகி தண்ணீர்க் குவளையை எடுத்தபோது கோயுகியின் கண் விரல்களில் நின்றது.

"கைக்கு என்ன ஆச்சு?"

"மருந்து. ஒரு குட்டிக்கு உடம்பு சரியில்ல."

"என்ன குட்டி?"

"குதிரைக்குட்டி. துப்பித் தொலைக்குது. என் மூஞ்சியிலயே துப்புது."

கோயுகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்குப் பேர் என்ன?"

"பேர் கிடையாது. வாங்கறவங்கதான் பேர் வைப்பாங்க. அதுவரைக்கும் ஹமாகஸேயோட குட்டின்னு சொல்லுவோம்."

"அது யாரு?"

"அதோட அம்மா."

பிறகு கேள்விமேல் கேள்வியாக வந்தது. கசக்குமா? ஏன் வாயைக் கழுவவேண்டும்? அம்மாவுக்கு என்ன ஆகும்? அந்தக் குட்டிக்கு அது தெரியுமா? தமாகி கையை மேஜைமேல் வைத்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கோயுகி முட்டையை மறந்துவிட்டு விரல் கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்தக் குழந்தை தானாக அவளைத் தொட்டது. தமாகி கையை அசைக்காமல் வைத்துக்கொண்டாள்.

"நான் அதைப் பாக்க வரலாமா?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து தகெஹிகோ நிமிர்ந்தான். "ஸ்கூல் இருக்கே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோயுகி தலையைக் குனிந்து மறுபடி சாப்பிடத் தொடங்கினாள்.

திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. லாயத்துக்கு முன்னால் ஹிரனுமா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"கயிறு அறுந்துபோச்சு" என்றார். "நான் மூலையில குட்டியோட நிக்கறேன். மருந்து இப்பத்தான் உள்ள போச்சு. அது கத்திச்சு. அவ்வளவுதான், குறுக்குக்கட்டையை நெஞ்சாலயே தள்ளிட்டு வந்துட்டா. நான் பிடிச்சு இழுக்கறதுக்குள்ள மூஞ்சியெல்லாம் நக்கிட்டா, தமாகி. சுத்தமா நக்கிட்டா."

குராமோச்சிக்குச் சொல்லியாயிற்று. பேதி தொடங்கும்வரை செய்ய அதிகமில்லை. தமாகி ஊருக்குப் போட்டுக்கொண்டு போன நல்ல சட்டையோடு லாயத்துக்குள் போனாள். ஹமாகஸே அமைதியாகப் புல் தின்றுகொண்டிருந்தது. குட்டி மடியில் முட்டிக்கொண்டிருந்தது. தாயும் பிள்ளையும் அப்படித் திருப்தியாக நின்று அவள் பார்த்ததேயில்லை.

மறுநாள் மதியம்வரை ஹமாகஸே தீவனத்தைத் தொடவில்லை. சாயந்தரம் பேதி தொடங்கியது. தண்ணீராகப் போனது. குராமோச்சி கழுத்தில் பெரிய ஊசியைத் தைத்து, உத்தரத்திலிருந்து பை பையாக டிரிப்ஸைத் தொங்கவிட்டார். குளம்பு கெட்டுவிடாமலிருக்கக் கால்களை ஐஸில் நிறுத்தச் சொன்னார்.

"குட்டியைப் பிரிச்சிடுங்க" என்றார். "இவளுக்குப் பால் குடுக்கத் தெம்பில்ல. அதுக்கோ மருந்தை நிறுத்த முடியாது. இப்ப நிறுத்தினா கட்டி திரும்பி வரும். ரெண்டையும் இழக்கறதா, ஒண்ணையாவது காப்பாத்தறதான்னு பாருங்க."

"என் தப்பு" என்றார் ஹிரனுமா.

"யோவ், குதிரையோட பலத்துக்கு நீ என்ன பண்ணுவ? வாளியைத் தூக்கு. ஐஸ் கொண்டா."

குட்டியை மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய லாயத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு கிழப் பெட்டைக்குதிரையைத் துணைக்கு அடுத்த அறையில் கட்டினார்கள். தமாகி மாவுப்பாலைக் கரைத்து, விரலை நனைத்துச் சூப்பவிட்டு, கையை மெல்ல வாளிக்குள் இறக்கி அதற்குக் குடிக்கக் கற்றுக்கொடுத்தாள். முதல் நாள் குட்டி வாளியை எட்டி உதைத்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பும்போது ஹமாகஸேயின் குரல் மேட்டைத் தாண்டி வந்தது; டிரிப்ஸில் நின்றுகொண்டும் கூப்பிட்டது. குட்டி காதை நிமிர்த்திக்கொண்டு மரக்கதவில் மார்பை வைத்து அழுத்தியது. அந்தக் கதவுக்கு வெளியே சாக்கைப் போட்டு உட்கார்ந்து தமாகி தன் சோற்று உருண்டையைச் சாப்பிட்டாள். எழுந்து போகவில்லை. அந்தக் குரலை முழுக்கக் கேட்டாள்.

ஹமாகஸே சாகவில்லை. வாரக் கடைசியில் சாணம் இறுகியது. விலா எலும்பு எண்ணும்படி இளைத்து, முன்காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தாலும் புல்லுக்குக் கழுத்தை நீட்டியது. ஆனால் பால் வற்றிவிட்டது. கூப்பிடுவதும் நாளாக ஆகக் குறைந்தது. குட்டியும் கதவருகே போவதை விட்டுவிட்டது. அது முன்பைவிட நன்றாகச் சாப்பிட்டது, மருந்தைத் துப்பாமல் விழுங்கக் கற்றது, தமாகியின் காலடிச் சத்தத்துக்குக் கனைத்தது. ஒவ்வொரு எடைக்கும் மருந்தின் அளவை ஏற்றினார்கள். ஸ்கேன் திரையில் கறுப்பு வட்டங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன.

"தேறிடுச்சு" என்று குராமோச்சி கருவியைத் துடைத்துக்கொண்டே சொன்னபோது ஆகஸ்டு பிறந்திருந்தது. "மருந்தை நிறுத்திடலாம். தாயும் குட்டியும் ஒண்ணா மேயட்டும். பால் இல்லாட்டியும் பக்கத்துல இருந்தா நல்லது."

அன்று மாலை தமாகி தகெஹிகோவுக்குப் போன் செய்தாள். வழக்கமாக அவனுக்குச் செய்தி மட்டும் அனுப்புவாள். "இப்ப பள்ளிக்கூடம் லீவுதானே" என்றாள். "குட்டியை அம்மாகிட்ட விடப்போறோம். அதைப் பாக்கணும்னு கோயுகி கேட்டா. கூட்டிட்டு வர முடியுமா?" "அதைப் பத்தித்தான் தினமும் கேட்டுட்டே இருக்கா" என்றான் தகெஹிகோ.

அவர்கள் வந்த அன்று மூடுபனி இல்லை. கீழே கூழாங்கல் கரையில் கடற்பாசியைக் கறுப்பு ரிப்பன்களாக விரித்துக் காயப்போட்டிருந்தார்கள், அதன் வாசனை மேய்ச்சல்நிலம்வரை வந்தது. கோயுகி காரிலிருந்து இறங்கி, அம்மாவிடம் வராமல், நேராக வேலிக்குப் போய் நின்றாள்.

ஹிரனுமா ஹமாகஸேயை ஒரு பக்கத்திலிருந்து கொண்டுவந்தார். தமாகி குட்டியை இன்னொரு பக்கத்திலிருந்து கொண்டுவந்து கயிற்றை அவிழ்த்தாள். ஹமாகஸே தலையைத் தூக்கியது. தொண்டைக்குள் அந்தச் சின்னச் சத்தம் உருண்டது. குட்டியைப் பார்த்துத் தாங்கித் தாங்கி நடந்து வந்தது.

குட்டி அதைப் பார்த்தது. பிறகு திரும்பி, தமாகியின் கையிலிருந்த பால்வாளியை மோந்து பார்த்தது.

ஹிரனுமா துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஹமாகஸே கிட்டே வந்து குட்டியின் முதுகை மோந்தது, கழுத்தை மோந்தது, வாயை மோந்தது. குட்டி காதைப் பின்னுக்குத் தள்ளி ஓர் அடி விலகியது.

"அம்மாவை மறந்துடுச்சா?" என்று கோயுகி வேலிக்கு அப்பாலிருந்து கேட்டாள்.

மறக்கவில்லை என்று சொல்லத் தமாகிக்கு ஆசையாக இருந்தது. "தெரியலடி" என்றாள். "எனக்குத் தெரியல."

தமாகி வேலியைத் தாண்டி வெளியே வந்து, வாளியைக் குட்டியின் கண்ணுக்கு மறைத்து வைத்தாள். குட்டி கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தது. பிறகு சும்மா நின்றது. ஹமாகஸே ஒன்றும் செய்யவில்லை. தலையைத் தாழ்த்திப் புல்லைக் கடிக்கத் தொடங்கியது, நகர்ந்து நகர்ந்து. அந்தப் பக்கம் ஈ அதிகம். ஹமாகஸே வாலை வீசி வீசி அவற்றை ஓட்டியது. குட்டியும் மெல்ல அந்த வாலுக்கு அருகே போய் நின்று மேய்ந்தது. தாயாக நினைத்துப் போனதா, ஈக்குப் பயந்து போனதா, யாருக்கும் தெரியவில்லை. கோயுகி பார்த்துக்கொண்டு நின்றாள். வேலிக்கம்பியின்மேல் அவள் கையும் தமாகியின் கையும் பக்கம் பக்கமாக இருந்தன.

தகெஹிகோ காரைத் திருப்பி நிறுத்தினான். தமாகி அவனிடம் போனாள். நீதிமன்றத்தில் சொல்லத் தெரியாமல் போனதை இப்போது சொன்னாள்.

"அடுத்த வருஷம் லீவுல ஒரு வாரம் அவளை என்கிட்ட அனுப்பு. சாப்பாட்டுக்கடை போதல. எனக்கும் போதல, அவளுக்கும் போதல."

"எங்க அம்மாகிட்ட கேக்கணும்" என்றான் தகெஹிகோ.

"கேளு. ஆனா கேட்டுட்டு மறந்துடாதே."

அவன் தலையை ஆட்டினான். கோயுகி பின்சீட்டில் ஏறி, ஜன்னலை இறக்கி, மேய்ச்சல்நிலத்தையே பார்த்தபடி போனாள்.

அடுத்த வருடம் ஒரு வாரம் கிடைக்கவில்லை, மூன்று நாள் கிடைத்தது. கோயுகி வந்தாள், லாயம் கூட்டினாள், ஹிரனுமாவிடம் திட்டு வாங்கினாள், தமாகியின் குறுகிய அறையில் குறுக்கே படுத்துத் தூங்கினாள். ஹமாகஸேயின் குட்டி அதற்குள் விலைபோயிருந்தது. தெற்கே எங்கேயோ பந்தயத்துக்குப் பழக்குகிறார்கள், நன்றாக ஓடுகிறது என்று கேள்வி. மூன்றாம் நாள் பஸ் நிறுத்தத்தில் மகளை ஏற்றிவிட்டு வந்த தமாகி, படுக்கை விரிப்பை மடிக்க மனமில்லாமல் அறையைச் சாத்திவிட்டு மாலைத் தீவனத்துக்குப் போனாள். ஹமாகஸே தலையை நீட்டி அவள் தோளை மோந்து பார்த்தது. "அவ போயிட்டா" என்று அதனிடம் சொன்னாள்.